இயந்திரம் கொடுத்தோம், பிரிப்பான் கொடுத்தோமா?



கிறிஸ்துமஸ் நெருங்கும் மாதங்களில் நம்முடைய சபைகள் பலவற்றில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. விதவையான ஒரு சகோதரிக்கோ, வருமானம் நின்றுபோன ஒரு குடும்பத்துக்கோ தையல் இயந்திரம் ஒன்றை வாங்கி, ஆராதனையின் முடிவில் ஜெபித்து ஒப்படைக்கிறோம். சபையார் கைதட்டுகிறார்கள், புகைப்படம் எடுக்கப்படுகிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இப்படிக் கொடுக்கப்பட்ட இயந்திரங்கள் எத்தனை வீட்டுத் திண்ணைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை நீங்களே அறிவீர்கள். இந்த வழக்கத்தை நான் மனதார ஆதரிக்கிறவன். ஆகிலும், அந்த இயந்திரத்தின் இழுப்பறைக்குள் பெரும்பாலும் இல்லாமற்போகிற ஒரு சிறு கருவியைக் குறித்து இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். அது தையல் பிரிப்பான்.

கடையில் சீம் ரிப்பர் என்று கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள். விரல் நீளத்துக்கு ஒரு பிடி, அதன் நுனியில் இரண்டு கவையாகப் பிரிந்த எஃகு. நீண்ட கவை ஊசியைப்போல் கூர்மையானது. குட்டைக் கவையின் முனையில் ஒரு சிறு மணி, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில். இரண்டு கவைகளும் சேருகிற வளைவின் உட்புறத்தில்தான் வெட்டும் விளிம்பு இருக்கிறது. சாதாரணமானது சில பத்து ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஆயிரக்கணக்கில் செலவிட்டு இயந்திரம் வாங்குகிற நமக்கு இது ஒரு செலவே அல்ல. செலவு அல்லாததினால்தானோ என்னவோ, யாருடைய பட்டியலிலும் இது இடம்பெறுவதில்லை.

ஒரு போதகருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது தையல் இயந்திரத்தின் பக்கத்தில் நான் அடிக்கடி காண்பது, நீளவாக்கில் இரண்டாக உடைத்த சவர பிளேடு. அதன் ஒரு பாதியைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத்தான் தையலைப் பிரிக்கிறார்கள். கடைத்தெருவில் முப்பது ஆண்டுகள் தைத்த ஒரு தையற்காரர் அந்தப் பாதி பிளேடைக்கொண்டு ஒரு கால்சட்டையின் இடுப்புப் பட்டையை மூன்று நிமிடத்தில் கழற்றிவிடுவார். துணியில் ஒரு கீறலும் இராது. அவருடைய கையை நான் மதிக்கிறேன். ஆனால் நாம் இயந்திரம் கொடுப்பது அவருக்கு அல்ல. ஆறு மாதம் தையல் வகுப்புக்குப் போய்வந்து, பக்கத்து வீட்டாரின் ரவிக்கைகளைத் தைக்கத் தொடங்கியிருக்கிற ஒரு சகோதரிக்கு. அவளுடைய கையில் அந்த பிளேடு வளைகிறது, வழுக்குகிறது. நூலுக்கும் துணிக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது, விரலுக்கும் தெரியாது.

விரலில் பட்ட வெட்டு ஒரு வாரத்தில் ஆறிவிடும். ரவிக்கைத் துண்டில் விழுந்த வெட்டை என்ன செய்வது? பட்டுப் புடவையோடு வருகிற ரவிக்கைத் துண்டு அந்தப் புடவையோடே சேர்த்து நெய்யப்பட்டது. அதே சாயம், அதே கரை, அதே ஜரிகை. அதை வெட்டித் தைத்த பிறகு கைப்பகுதியில் அரை அங்குலம் கிழிந்தால், அதற்கு ஈடாக ஒரு துண்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. திருமணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது இப்படி நேர்ந்த ஒரு வீட்டை நான் அறிவேன். துணி கொடுத்த அம்மாள் சத்தம் போடவில்லை. பரவாயில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பின்பு அந்தத் தெருவிலிருந்து அந்தச் சகோதரியிடம் பட்டு ரவிக்கை எதுவும் வரவில்லை. பள்ளிச் சீருடையும் தலையணை உறையும் மட்டுமே வந்தன. தைக்கிற கூலியில் பெரிய பங்கு பட்டு ரவிக்கையிலிருந்துதான் வருகிறது என்பதை இத்தொழிலில் இருக்கிறவர்கள் அறிவார்கள். அவளுக்குத் தையல் தெரியாமல் அப்படி நேரவில்லை. பிரிப்பதற்குத் தகுந்த கருவி இல்லாமல் நேர்ந்தது.

இயந்திரத் தையலைப் பிரிக்கத் தனிக் கருவி ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாகூர்ப் பக்கத்தார் நெல் மூட்டையும் அரிசி மூட்டையும் பார்த்தே வளர்ந்தவர்கள். மூட்டையின் வாயில் போட்டிருக்கும் தையலில் சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால், சரசரவென்று முழுத் தையலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். அது சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணியும் முந்தின கண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுத் தையல் இயந்திரம் போடுவது வேறு வகை. மேலே ஊசியின் நூல், கீழே பாபினின் நூல். இரண்டும் துணியின் நடுவே ஒன்றையொன்று கோத்துப் பூட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்றதும், ஐசக் சிங்கர் 1851-ல் மேம்படுத்திக் காப்புரிமை பெற்றதும் இந்தப் பூட்டுத் தையலுக்கான இயந்திரங்களே. ஒரு முனையை இழுத்தால் இது வராது. இறுகும், துணி சுருங்கும். ஒவ்வொரு பூட்டாகத் திறந்தாக வேண்டும்.

எத்தனை பூட்டு என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு தையலின் நீளம் இரண்டரை மில்லிமீட்டர் என்று வைத்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 10 தையல். ஒரு ரவிக்கையின் கைவிளிம்பிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை 14 அங்குலம் என்றால் 140 தையல். இரட்டை வரிசை போட்டிருந்தால் 280. இரண்டு பக்கமும் சேர்த்து 560. நான்கு தையலுக்கு ஒன்று என்று அறுத்துக்கொண்டே போய், பின்பு மறுபக்கத்து நூலை இழுத்தெடுப்பதுதான் நல்ல முறை. அப்படிச் செய்தாலும் 140 முறை அந்தக் கருவியின் முனை பட்டுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. 140-இல் ஒரு முறை வழுக்கினால் போதும்.

பிரிப்பது என்றாலே பிழை திருத்துவது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய ஊர்களின் உடையை அறியாதவர்களுடைய பேச்சு அது. சிறுமிகளின் பாவாடையில் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைப்பது எதற்காக? பிள்ளை வளர வளர, ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்து இறக்குவதற்காக. பள்ளிக் கால்சட்டையின் கீழ் மடிப்பில் இரண்டு அங்குலம் உள்ளே விடுவதும் அதற்காகவே. ரவிக்கையின் பக்கத் தையலுக்குள் துணி விட்டுத் தைக்காத தையற்காரரிடம் நம் தாய்மார்கள் இரண்டாம் முறை போகமாட்டார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடல் பருக்கும், ரவிக்கையும் அதற்கு ஏற்ப விரிய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அக்காளின் சீருடை தங்கைக்கு ஆவதும், மறைந்த தாயின் புடவை மகளுக்குச் சுடிதாராவதும் இந்த வழியாகத்தான். பாதி வேலை பிரிப்பதிலேயே இருக்கிறது.

தையல் கற்பிக்கிற சிலரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒழுங்காகத் தைத்தால் பிரிக்க வேண்டியதே இல்லை என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. அதன் விளைவு என்ன? கோணலாகப் போன தையலைப் பிரிக்க வெட்கப்பட்டு, அதன்மேலேயே இன்னொரு தையல் ஓட்டுகிறாள் கற்கிற பெண். தையல் தடித்துப்போகிறது, உடுத்துகிறவருக்கு அக்குளில் உறுத்துகிறது. பிரிப்பதை முதல் வாரத்திலேயே ஒரு பாடமாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழைய தலையணை உறை ஒன்றைக் கொடுத்து, துணியில் ஒரு நூலும் அறாமல் நான்கு பக்கமும் பிரித்துக் கொண்டுவா என்று சொல்லட்டும். அதில் தேறுகிறவளுக்கு அதன்பின் எந்தத் துணியிலும் பயம் இராது.

பிரிக்கக் கூடாதவையும் உண்டு என்பதை இந்த இடத்திலேயே சொல்லவேண்டும். 1978-ல் புதுச்சேரியில் தொடங்கிய ஹைடிசைன் போன்ற நிறுவனங்களால் தோல்பை வேலை நம் பகுதியில் பலருக்கும் பழக்கமானது. தோலில் ஊசி போட்ட துளை அப்படியே நிற்கும். பிரித்தால் வரிசையாகப் புள்ளிகள் தெரியும். மெல்லிய பட்டிலும் சாட்டினிலும்கூட ஓரளவு அப்படித்தான். ஆகையால் அவற்றில் முதலில் பெரிய தையலாக ஓட்டுத் தையல் போட்டு, அளவு பார்த்து, பின்பு இறுதித் தையல் போடுவதே புத்தி. லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்து உலர்த்தாமல் வைத்துத் தைப்பவர்களும் பின்பு முழு ரவிக்கையைப் பிரிக்கவேண்டி வரும். முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி மேல்துணியை இழுக்கும். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் கோடித்துண்டையும் பழைய வஸ்திரத்தையும் ஆண்டவர் எடுத்துச் சொன்னபோது, கேட்டவர்களில் தைக்கத் தெரிந்தவர்கள் தலையசைத்திருப்பார்கள் என்று நான் எண்ணுவதுண்டு.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன்.

முதலாவது பிடியைப் பாருங்கள். மின்சாரத்தில் ஓடும் சிறு இயந்திரங்களோடு இலவசமாக வருகிறவை பெரும்பாலும் மெலிந்த, குட்டையான பிடி உடையவை. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்த்த கைக்கு அது நிற்காது. இறுகப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போகும். கொஞ்சம் தடித்த, வரியோடிய பிடி நல்லது. அடுத்ததாக எஃகு பிடியில் உறுதியாக நிற்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். மலிவானவற்றில் எஃகு பிடிக்குள் சுழலும். அப்படிச் சுழல்வதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மணி இருக்கிறதா, ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்பதும் முக்கியம். அது அழகுக்கு வைத்ததன்று. இரண்டு துணிகளுக்கு நடுவே கருவியை நீளமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது, துணி வெட்டும் வளைவுக்குள் புகாதபடி காக்கிறது அந்த மணிதான். மணி உதிர்ந்துபோன பிரிப்பான் இரு முனையும் கூரான ஆயுதம். மூடி இல்லாததையும் வாங்காதீர்கள். வீட்டில் தவழுகிற பிள்ளை இருக்கும்.

அளவில் இரண்டு வேண்டும். ரவிக்கை, பட்டு, ஆரி வேலைப்பாடு உள்ள துணிகளுக்கு நுனி மெலிந்த சிறியது. கால்சட்டை, பை, திரைச்சீலை ஆகியவற்றுக்கும் காஜா திறப்பதற்கும் பெரியது. காஜா திறக்கும்போது அதன் கடைசி ஓரத்தில் குறுக்கே ஒரு குண்டூசியைக் குத்திவிட்டுத் தள்ளுங்கள். கை ஓடிப்போனாலும் ஊசியில் முட்டி நின்றுவிடும். அரைக் காசு செலவில்லாத இந்த உபாயம் எத்தனையோ சட்டைகளைக் காப்பாற்றியிருக்கிறது. கையால் போட்ட பூவேலையைப் பிரிக்க மட்டும் இந்தக் கருவி அவ்வளவாக உதவாது. புதுச்சேரி நகரில் ரோமன் ரோலண்ட் வீதியில் குளூனி கன்னியர் நடத்தும் எம்பிராய்டரி நிலையத்தில் பெண்கள் செய்கிறதுபோன்ற நுண்ணிய கைவேலை என்றால், துணியைத் திருப்பி, பின்புறத்திலிருந்து சிறு கத்தரியால் நறுக்குவதே தகும்.

ஜப்பானின் குளோவர், ஜெர்மனியின் பிரிம் என்று பெயர்பெற்ற தயாரிப்புகள் உண்டு. விலை பல மடங்கு. நன்றாக வெட்டும், நீண்ட நாள் உழைக்கும். ஆனாலும் நம்முடைய சகோதரிகளுக்கு நான் சொல்வது வேறு. விலை உயர்ந்த ஒன்றை வாங்கி, விலை உயர்ந்ததாயிற்றே என்று மழுங்கிய பின்னும் வைத்துக்கொண்டிருப்பதைவிட, சாதாரணமான ஒன்றை வாங்கி, காலத்தில் மாற்றுவதே மேல்.

மாற்றுவது என்ற பேச்சே பலருக்குப் புதிதாக இருக்கும். ஊசி மழுங்கினால் மாற்றுகிறோம். பிரிப்பானை மட்டும் அது தொலையும் வரைக்கும் வைத்திருக்கிறோம். அதுவும் ஒரு கத்தியே. வெட்டும் விளிம்பு வளைவின் உட்புறத்தில் ஒடுங்கிய இடத்தில் இருப்பதனால், அரிவாளைப்போல் சாணை பிடிக்க அதற்கு வழியில்லை. பாலியெஸ்டர் நூல் பருத்தி நூலைக்காட்டிலும் வன்மையாக எதிர்க்கும், ஜரிகை அதைவிட. அன்றாடம் தைக்கிறவருக்கு ஆண்டுக்கு இரண்டாவது தேவைப்படும் என்பது என் மதிப்பீடு. எப்போதாவது தைக்கிறவருக்கு ஒன்றே பல ஆண்டு வரும், துருப்பிடிக்காமல் இருந்தால்.

மழுங்கியதை எப்படி அறிவது? ஒரு பாலியெஸ்டர் நூலை இரண்டு கைக்கும் நடுவில் இறுகப் பிடிக்கச் சொல்லி, வளைவை அதன்மேல் வைத்துப் பாருங்கள். பட்டவுடன் அறவேண்டும். நூல் நைந்து, பிசிறு கிளம்பி, பிறகு பட்டென்று அறுந்தால் அந்தக் கருவியின் காலம் முடிந்தது. அந்தப் "பட்டென்று" என்பதில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. மழுங்கிய கருவியை நாம் பலங்கொண்டு தள்ளுகிறோம். நூல் அறுகிற அந்தக் கணத்தில் தள்ளிய பலமெல்லாம் துணிக்குள் போகிறது. பட்டு ரவிக்கைகள் கிழிவது அப்படித்தான். நுனிக்கு வேறொரு சோதனை: பழைய நைலான் புடவைத் துண்டின்மேல் மெதுவாக இழுங்கள். எங்காவது இழை பிடித்தால் நுனி வளைந்திருக்கிறது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய முயலவேண்டாம். துரு வராமலிருக்க, மழைக்காலத்தில் இயந்திர எண்ணெய் தொட்ட துணியால் எஃகைத் துடைத்து மூடியிட்டு வையுங்கள். மறுபடி எடுக்கும்போது எண்ணெயை நன்றாகத் துடைத்த பின்பே துணியில் வையுங்கள்.

இத்தனை சிறிய பொருளுக்கு இத்தனை பேச்சா என்றால், நம் முன்னோர் சிறிய பொருளை அற்பமாக எண்ணவில்லை என்பதை நினைவூட்டுவேன். நாகர்கோவிலில் லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820-களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அப்போது தையல் இயந்திரமே உலகத்தில் பரவியிருக்கவில்லை. திண்டு, குண்டூசி, நூல் சுற்றிய சிறு கட்டைகள், இவைதான் கருவிகள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் லேஸ் வராது. அந்தப் பின்னல் விற்ற பணம் அடிமைப்பட்டிருந்த பெண்களுக்கு விடுதலைக்கும் உதவியது என்று அந்த மிஷனின் வரலாறு பேசுகிறது. கற்றுக்கொடுத்தவர்கள் கருவியையும் சேர்த்துக் கொடுத்து, விளைந்ததை விற்கவும் வழிசெய்தார்கள்.

1924-ல் காந்தியடிகள் இயந்திரங்களைப் பற்றிய உரையாடல் ஒன்றில், சிங்கரின் தையல் இயந்திரத்தை ஏற்கத்தக்க விதிவிலக்காகச் சொன்னார். மனைவி படும் பாட்டைக் காணப் பொறாத அன்பிலிருந்து அது பிறந்தது என்பது அவர் சொன்ன காரணம். அந்த இயந்திரத்தின் முன்னே குனிந்திருக்கிறவள் பாதி நேரம் இயந்திரத்தை மிதிப்பதில்லை, மடியில் துணியை வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். விளக்கு வெளிச்சத்தில், கறுப்புத் துணியில் கறுப்பு நூலைத் தேடுகிறாள். அந்தப் பாதி நேரத்தையும் நம் அன்பு எட்டவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

ஆகவே வருகிற கிறிஸ்துமஸில் இயந்திரம் ஒப்படைக்கும் சபைகள் அதன் இழுப்பறையில் இவற்றையும் வைக்கட்டும்: சிறியதும் பெரியதுமாக இரண்டு பிரிப்பான்கள், 11, 14, 16 எண் ஊசிகள் ஒவ்வொரு பொட்டலம், எண்ணெய்க் குப்பி, அளவு நாடா. மொத்தச் செலவு அந்த மேடையில் போடுகிற மாலைகளின் விலையைத் தாண்டாது. வேண்டுமானால் மாலையை விட்டுவிடலாம். முன்னரே இயந்திரம் பெற்றுக்கொண்டவர்களுக்காகப் பெண்கள் ஐக்கியத்தார் சபை அலுவலறையில் ஒரு டப்பா வைக்கலாம். மழுங்கியதைக் கொண்டுவந்து போடுகிறவர் புதியதை எடுத்துக்கொண்டு போகட்டும், பெயர் எழுதவோ கையெழுத்திடவோ வேண்டாம். வாங்குகிறவரை அது கூச்சப்படுத்தக் கூடாது.

சேர்ந்துபோகிற மழுங்கிய பிரிப்பான்களையும், உடைந்த ஊசிகளையும், இனித் தேவைப்படாத பாதி பிளேடுகளையும் குப்பையில் வெறுமனே எறியாதீர்கள். கொம்யூன் பஞ்சாயத்தின் துப்புரவுப் பணியாளர்கள் அந்தக் குப்பையைக் கையால் தொடுகிறார்கள். ஆடும் மாடும் அதில் மேய்கின்றன. காலியான மருந்துப் புட்டி ஒன்றில் போட்டு, மூடியை இறுக்கி, நிறைந்த பின்பு கூர்மையான பொருள் என்று சொல்லி அவர்கள் கையில் கொடுங்கள்.